மலைக்குடியிருப்புக்கு மருத்துவத் தேவை அறியப் போகும் பிள்ளைகளுக்கு

காரியாபட்டியிலும் சுற்றுக் கிராமங்களிலும் பிறந்து, செவிலியமும் சமூகப்பணியும் படித்து, இப்போது மேற்கே மலையடிவாரத்துப் பளியர் பழங்குடிக் குடியிருப்புகளில் சுகாதாரக் கணக்கெடுப்புக்குப் புறப்படும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். கிராம சுகாதார செவிலியராகக் கரிசல் ஊர்களிலும் பிறகு மலையடிவாரத்திலும் வேலை பார்த்தவள் நான். அங்கே கற்றதில் உங்களுக்கு உதவும் என்று தோன்றுவதைச் சொல்கிறேன்.

நம் பக்கம் நாலுவழிச் சாலை இருக்கிறது. ராத்திரி நெஞ்சு வலித்தால் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு வண்டி பிடித்துவிடலாம். அதே விருதுநகர் மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில் செண்பகத்தோப்பு, அத்திக்கோவில், தாணிப்பாறை, அய்யனார்கோவில் பக்கத்துக் குடியிருப்புகள் இருக்கின்றன. அடிவாரத்தில் உலர்காடு, மேலே ஏற ஏற வெயில் தரையில் படாத பசுமைமாறாக் காடு. அங்கே தேனும் கிழங்கும் கடுக்காயும் தேடிப் போகிறவர்களுக்கு உடம்புக்கு முடியாமல் போனால் கதை வேறு.

ஒன்றை முதலிலேயே மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். நோய் வந்த ஓர் உடம்பிலிருந்து அதற்கான சிகிச்சை வரைக்கும் ஒரு வழி இருக்கிறது. அந்த வழி எந்த இடத்தில் அறுந்து கிடக்கிறதோ, அதுதான் தேவை. அந்த இடத்தைக் கண்டுபிடிக்கத்தான் உங்களை அனுப்புகிறார்கள். கீழே உள்ளதெல்லாம் அதற்கான வழிமுறைகள்.

1. புறப்படுமுன் பதிவேடுகளைப் படியுங்கள்

ஏற்கெனவே எழுதி வைத்திருப்பதைக் கேட்டு மக்களைக் களைப்பாக்காதீர்கள். செவிலியரின் தாய்சேய் பதிவேடு, அங்கன்வாடியின் எடைப் பதிவேடு, ஆரம்ப சுகாதார நிலையத்தின் புறநோயாளி பதிவேடு, காசநோய்ப் பதிவேடு எல்லாவற்றையும் பாருங்கள். சுகாதாரத் துறைக் கணக்கில் நம் மாவட்டம் விருதுநகர், சிவகாசி என்று இரண்டு சுகாதார மாவட்டங்கள். காரியாபட்டி முதலாவதில் வருகிறது, மலையடிவாரம் இரண்டாவதில். அதனால் நீங்கள் பழகிய அலுவலகத்தில் அவர்கள் கணக்கு இருக்காது.

படிக்கும்போது யார் பெயர் இல்லை என்று பாருங்கள். 2018-ல் மத்திய அரசு முன்னேற விழையும் மாவட்டங்களை அறிவித்தபோது தமிழகத்திலிருந்து விருதுநகரும் ராமநாதபுரமும் அதில் இடம்பெற்றன. அன்றிலிருந்து நம் மாவட்டத்தின் சுகாதார எண்களைப் பலரும் கவனிக்கிறார்கள். ஆனால் 2011 கணக்கெடுப்பில் 19 லட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் உள்ள மாவட்டத்தில் பழங்குடியினர் ஆயிரத்துக்கு இரண்டு பேர்கூட இல்லை. அவர்கள் குழந்தைகள் அத்தனை பேரும் மெலிந்திருந்தாலும் மாவட்டச் சராசரி அசையாது. துணை சுகாதார நிலையத்துக்கான அளவுகோலும் அப்படித்தான். சமவெளியில் 5,000 பேருக்கு ஒன்று, மலைப் பகுதியிலும் பழங்குடிப் பகுதியிலும் 3,000 பேருக்கு ஒன்று. சில டஜன் வீடுகள் உள்ள ஒரு குடியிருப்பு எந்தக் காலத்தில் 3,000 ஆகும்? சராசரியிலும் அளவுகோலிலும் அகப்படாதவர்களைப் பார்க்கத்தான் நீங்கள் நேரில் போகிறீர்கள்.

2. இரண்டு அனுமதி வாங்குங்கள்

அந்தக் காடு 1988-ல் சாம்பல் நிற அணில் சரணாலயம் ஆனது. 2021-ல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை புலிகள் காப்பகமும் ஆனது. வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே போக முடியாது. அந்தத் தாள் சோதனைச்சாவடிக்குத்தான் செல்லும். குடியிருப்புக்குள் நுழைய அங்குள்ள பெரியவர்களின் சம்மதம் வேண்டும், ஒவ்வொரு வீட்டிலும் அந்த வீட்டாரின் சம்மதம் வேண்டும். எதற்காக வந்திருக்கிறோம், எழுதுவதை யார் படிப்பார்கள், பதில் சொல்ல மறுத்தாலும் அவர்களுக்கு வர வேண்டியது எதுவும் நிற்காது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சீருடைக்காரர்களோடு சேர்ந்து போய் இறங்காதீர்கள். காட்டில் எதை எடுக்கிறார்கள் என்ற விசாரணைக்கு வந்ததாக நினைத்துவிட்டால் வாயே திறக்க மாட்டார்கள்.

3. அவர்கள் நாளுக்கும் பருவத்துக்கும் ஏற்பப் போங்கள்

காலை பத்து மணிக்குப் போனால் கிழவிகளும் கைக்குழந்தைகளும்தான் வீட்டில் இருப்பார்கள். நடக்கக்கூடியவர்கள் காட்டுக்கோ அடிவாரத் தோப்பு வேலைக்கோ போயிருப்பார்கள். வீட்டில் இருந்தவர்களை மட்டும் எண்ணினால் வேலைக்குப் போகும் ஆணும் பெண்ணும் உங்கள் தாளில் ஆரோக்கியமாக இருப்பார்கள். விடியற்காலையும் பொழுது சாய்ந்த பிறகும்தான் நேரம். அனுமதி கிடைத்தால் ராத் தங்குங்கள்.

ஒரே பருவத்தில் பார்த்துவிட்டு முடிவு எழுதாதீர்கள். கோடையில் தேன் எடுக்கும்போது விழுந்தவர்களைப் பார்ப்பீர்கள். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழையில் ஓடைகள் நிறைந்து பாதை மறையும். அப்போது காய்ச்சலையும், வெளியே வர முடியாத கர்ப்பிணிகளையும் பார்ப்பீர்கள். ஆடி அமாவாசைக்குச் சதுரகிரி மலைக்கோவிலுக்கு ஏறும் கூட்டத்தால் தாணிப்பாறை வழி திணறும். அந்த நாட்களில் அடிவாரத்துக்கு வரும் மருத்துவக் குழுவைப் பார்த்து, வருடம் முழுக்க அங்கே மருத்துவ வசதி இருப்பதாக எழுதிவிடாதீர்கள்.

4. கடைசியாக வந்த நோயைப் பற்றிக் கேளுங்கள்

இந்த அறிவுரைகளில் ஒன்றைத்தான் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

பளியர்கள் சண்டையையும் கட்டளையையும் விரும்பாதவர்கள். 1960களில் அவர்களோடு தங்கி ஆராய்ந்த மானிடவியலாளர் பீட்டர் கார்ட்னர், பிறரோடு மோதாமல் விலகிப் போவதையும் ஒருவரை ஒருவர் மதிப்பதையும் அவர்கள் வாழ்வின் அடிப்படையாக எழுதியிருக்கிறார். அப்படிப்பட்டவர்களிடம் போய் “ஆஸ்பத்திரி வேணுமா? மாத்திரை ஒழுங்கா கிடைக்குதா? நர்ஸம்மா வர்றாங்களா?” என்று அடுக்கினால் எல்லாவற்றுக்கும் “ஆமாங்க” என்றுதான் பதில் வரும். அது உங்கள் மனம் கோணாமல் அனுப்பி வைக்கும் பதில்.

அதற்குப் பதிலாக, “கடைசியா இந்த வீட்டுல யாருக்கு மேலுக்கு முடியாமப் போச்சு?” என்று கேளுங்கள். பிறகு அந்த ஒரு நோயின் பின்னாலேயே போங்கள். எப்போது தெரிந்தது? முதலில் யாரிடம் சொன்னார்கள்? என்ன பச்சிலை கொடுத்தார்கள்? கீழே போக வேண்டும் என்று யார் முடிவு செய்தது? எப்படி இறங்கினார்கள், யார் தூக்கினார்கள்? போய்ச் சேர எத்தனை மணி நேரம்? அங்கே டாக்டர் இருந்தாரா? கைக்காசு எவ்வளவு போயிற்று, யாரிடம் கடன்? துணைக்குப் போனவருக்கு எத்தனை நாள் கூலி போயிற்று? திரும்பி வந்து மாத்திரையை முடித்தார்களா?

பிரசவ மரணங்களை ஆராய்ந்த சிரீன் தாடியஸ், டெபரா மெயின் இருவரும் 1994-ல் மூன்று தாமதங்களைப் பிரித்துக் காட்டினார்கள். போகலாம் என்று முடிவெடுப்பதில் தாமதம், போய்ச் சேர்வதில் தாமதம், சேர்ந்த இடத்தில் கவனிப்புக் கிடைப்பதில் தாமதம். பாம்புக்கடிக்கும் குழந்தையின் சளிக்காய்ச்சலுக்கும் இது அப்படியே பொருந்தும். ஒவ்வொரு வீட்டின் கதையையும் இந்த மூன்றில் பிரித்து எழுதிக்கொண்டே வந்தால் பத்தாவது வீட்டிலேயே உங்களுக்குப் புரியத் தொடங்கும். முடிவெடுப்பதில் அறுந்தால் நம்பிக்கையையும் தகவலையும் சரிசெய்ய வேண்டும். பாதையில் அறுந்தால் வண்டிக்கும் போனுக்கும் வழி பண்ண வேண்டும். மருத்துவமனையில் அறுந்தால் மலையில் எத்தனை முகாம் போட்டும் பயனில்லை.

5. வழியை நடந்து பாருங்கள்

வரைபடத்துக் கிலோமீட்டரை எழுதாதீர்கள். ஒரு கர்ப்பிணியின் நடையில், ஒரு கிழவரின் நடையில் எவ்வளவு நேரம் என்று எழுதுங்கள். 2008-ல் தமிழகத்தில் 108 ஆம்புலன்ஸ் வந்தது. அது எந்த இடம் வரைக்கும் வரும்? அந்த இடத்தில் போன் சிக்னல் உண்டா? இல்லையென்றால் யார், எந்தப் பாறை மேல் ஏறிப் பேசுகிறார்கள்? ராத்திரி அந்தத் தடத்தில் யானை, கரடி நடமாட்டம் உண்டா? எந்த ஓடை நிறைந்தால் வழி நின்றுபோகும்?

திருநெல்வேலிச் சீமையில், பாபநாசம் மலையில், காரையார் அணைக்கு மேலே இஞ்சிக்குழி என்ற காணிக்காரர் பழங்குடிக் குடியிருப்பு இருக்கிறது. அங்கே போக அணை நீரைப் படகில் கடந்து, பிறகு மழைக்காட்டுக்குள் நடக்க வேண்டும். அங்கே ஒரு நோயாளிக்குத் தேவை மருந்தா, படகா என்று கேட்டால், படகு கிளம்பும் நேரம் தெரியாமல் பதில் சொல்ல முடியாது.

6. காட்டின் நோய்களைத் தெரிந்துகொண்டு போங்கள்

பாம்புக்கடி முதலில் வரும். நம்மிடம் இருக்கும் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் என்ற நாலுக்கும் எதிராகத் தயாரிக்கப்படுவது. மேற்குத் தொடர்ச்சி மலையின் ஈரக்காட்டில் இருக்கும் குழிவிரியன் கடிக்கு அது வேலை செய்யாது. ஆகவே கடித்தது எது, கடிபட்டவர் எங்கே நின்றார் என்று கேட்டு எழுதுவது வீண்வேலை இல்லை. கீழே உள்ள ஆரம்ப சுகாதார நிலையத்தில் அந்த மருந்து எத்தனை குப்பி இருப்பில் உள்ளது, ராத்திரியில் அதைப் போட யார் இருக்கிறார்கள் என்றும் பாருங்கள். பாம்புக்கடியை அரசுக்குக் கட்டாயம் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழகம் 2024-ல் அறிவித்திருக்கிறது. காட்டிலேயே இறந்தவர் அந்தக் கணக்கில் வந்தாரா என்பதை நீங்கள்தான் கண்டு சொல்ல வேண்டும்.

அடுத்தது ஸ்க்ரப் டைபஸ். புதர்ச் சிற்றுண்ணி கடித்து வருவது. அக்குள், தொடையிடுக்கு, இடுப்புக் கட்டு என்று மறைவான இடத்தில் வலியில்லாத கருத்த பொருக்கு ஒன்று இருக்கலாம்; தேடாவிட்டால் தெரியாது. டாக்சிசைக்ளின் என்ற விலை குறைந்த மருந்தை நேரத்தில் கொடுத்தால் பிழைப்பார்கள். விட்டால் நுரையீரலையும் மூளையையும் தாக்கும். “சும்மா காய்ச்சல்ல போயிட்டாரு” என்று யாராவது சொன்னால், அந்த ஒரு சாவைப் பற்றி நின்று நிதானமாகக் கேளுங்கள்.

தேன் எடுக்கையில் விழுந்த முதுகெலும்பு, கரடி கிழித்த முகம், இரத்தசோகை, காசநோய், பல், கண் இவையும் பட்டியலில் இருக்கட்டும். அரிவாள்செல் நோயை நம் நாட்டில் முதன்முதலில் 1952-ல் கண்டறிந்தது நீலகிரிப் பழங்குடியினரிடம்தான். கூடலூரில் அஸ்வினி அமைப்பு 1990-லிருந்து நடத்தும் ஆதிவாசி மருத்துவமனை அந்த நோயாளிகளைக் கவனித்து வருகிறது. அங்கே இருப்பதால் இங்கேயும் இருக்கும் என்று எழுதக் கூடாது, இருக்காது என்றும் எழுதக் கூடாது. பரிசோதனை நடந்ததா என்று மட்டும் எழுதுங்கள்.

7. பேசப்படாத நோய்க்கு இடம் கொடுங்கள்

மகாராஷ்டிரத்தின் கட்சிரோலியில் டாக்டர் ராணி பங் தலைமையில் இரண்டு கிராமங்களின் 650 பெண்களைப் பரிசோதித்தார்கள். 100-க்கு 92 பேருக்குப் பெண்ணுறுப்பு, கருப்பை சார்ந்த நோய் ஏதாவது இருந்தது. 1989-ல் லான்செட் இதழில் அது வெளியானபோது உலகமே திரும்பிப் பார்த்தது. அதற்கு முன் அந்தப் பெண்களிடம் கர்ப்பத்தையும் குடும்பக்கட்டுப்பாட்டையும் தாண்டி யாரும் கேட்டதில்லை.

பெண்களிடம் பெண்கள்தான் பேச வேண்டும். மாமியாரும் கணவனும் கேட்காத இடத்தில், தண்ணீர் எடுக்கப் போகும் வழியில் பேசுங்கள். வெள்ளைப்படுதல், கருச்சிதைவு, சின்ன வயதுக் கல்யாணம், குடித்துவிட்டு அடிப்பது, உயிரை விட்டுவிடலாம் என்ற நினைப்பு என எது வந்தாலும் முகம் மாறாமல் கேளுங்கள். அந்த வீட்டை யாரும் அடையாளம் காணாதபடி எழுதுங்கள்.

8. அளக்கக்கூடியதை அளந்து பாருங்கள்

ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தையின் மேல்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே இருந்தால் கடும் மெலிவு, 11.5-லிருந்து 12.5-க்குள் இருந்தால் நடுத்தர மெலிவு. ஒரு நாடா போதும், சட்டைப்பையில் வைத்துக்கொள்ளலாம். கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் டெசிலிட்டருக்கு 11 கிராமுக்குக் கீழே இருந்தால் இரத்தசோகை. பிறந்த தேதி தெரியாத குழந்தைக்கு, எந்தத் திருவிழாவுக்கு முன், எந்த மழைக்குப் பின் என்று கேட்டு வயதைக் கணியுங்கள்.

“நல்லாச் சாப்பிடுறீங்களா?” என்று கேட்காமல் நேற்றுக் காலை முதல் ராத்திரி வரை என்ன சாப்பிட்டார்கள் என்று கேளுங்கள். காட்டு வள்ளிக்கிழங்கு அவர்களின் பழைய உணவு. ரேஷன் அரிசி வந்த பிறகு கிழங்கும் கீரையும் தேனும் தட்டில் எவ்வளவு குறைந்தன என்று பெரியவர்கள் சொல்வார்கள்.

கடும் மெலிவுள்ள குழந்தையைக் கண்டால் தாளில் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகாதீர்கள். அன்றைக்கே செவிலியருக்குச் சொல்லி, அந்தத் தாயோடு கீழே இறங்குங்கள். அறிக்கை ஒரு நாள் தாமதமாகலாம்.

9. அவர்களிடம் இருப்பதையும் எழுதுங்கள்

பிரசவம் பார்க்கும் பாட்டி, எலும்பு கட்டும் பெரியவர், பச்சிலை அறிந்தவர், ராத்திரியில் கூப்பிட்டால் தூக்க ஓடிவரும் இளைஞர்கள் எல்லாரும் அந்த ஊரின் சுகாதார அமைப்பைச் சேர்ந்தவர்கள். யார் சொன்னால் ஊர் கேட்கிறது என்று தெரியாமல் எந்தத் திட்டமும் அங்கே காலூன்றாது.

தர்மபுரி மாவட்டம் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்குக்கு டாக்டர்கள் ரெஜியும் லலிதாவும் 1993-ல் வந்தார்கள். ஒரு கூரைக் குடிசையில் வைத்தியத்தைத் தொடங்கி, அந்த ஊர்ப் பழங்குடிப் பெண்களையே செவிலியர்களாகப் பழக்கினார்கள். இன்று அங்கே மருத்துவமனையைத் தாங்கி நிற்பவர்கள் அந்தப் பெண்கள். உங்கள் அறிக்கையில் “பயிற்சி பெறக்கூடியவர்கள்” என்று ஒரு பத்தி கட்டாயம் இருக்க வேண்டும்.

10. மருத்துவமனையையும் பரிசோதியுங்கள்

“அவங்க வர மாட்டேங்கிறாங்க” என்று கீழே சொல்வார்கள். ஏன் வருவதில்லை என்று மேலே கேளுங்கள். சீட்டு எழுதுமிடத்தில் அதட்டினார்களா? துணைக்கு வந்த ஐந்து பேர் ராத்திரி எங்கே படுத்தார்கள்? ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை எதுவும் இல்லாததால் திருப்பி அனுப்பினார்களா? முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் தொகை வங்கிக் கணக்கு இல்லாத தாய்க்கு எப்படிப் போய்ச் சேர்ந்தது? 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் அந்தக் குடியிருப்பின் கடைசி வீட்டை எட்டியதா?

கட்சிரோலியில் ராணி பங்கும் அவர் கணவரும், மருத்துவமனை எப்படி இருந்தால் வருவீர்கள் என்று அங்குள்ள கோண்டுப் பழங்குடி மக்களையே கேட்டார்கள். பெரிய கட்டடம் பயமாக இருக்கிறது, எங்கள் வீடுகளைப் போல இருக்கட்டும், உறவுக்காரர் உடன் தங்கட்டும், எங்கள் தெய்வமும் அங்கே இருக்கட்டும் என்றார்கள். அப்படியே குடிசைகளாகக் கட்டி, தந்தேஸ்வரி அம்மன் பெயரையே வைத்தார்கள். கேட்டதைச் செய்ததால் மக்கள் வந்தார்கள்.

11. மருந்துக்கு வெளியே உள்ள காரணத்தை விடாதீர்கள்

சாதிச் சான்றிதழ் இல்லாத பிள்ளையின் படிப்பு நின்றுபோகும். படிப்பு நின்ற பெண்ணுக்குப் பதினாறு வயதில் கல்யாணம் ஆகும். அந்தப் பெண் இரத்தசோகையோடு பிரசவத்துக்கு வருவாள். இந்தச் சங்கிலியைப் பிரசவ அறையில் மட்டும் நின்று அறுக்க முடியாது. குடிநீர் எங்கிருந்து வருகிறது, வீட்டுக் கூரை ஒழுகுகிறதா, 2006-ன் வன உரிமைச் சட்டப்படி உரிமை கிடைத்ததா என்று எழுதுங்கள். வால்பாறைப் பக்கம் கல்லாறு குடியிருப்பின் காடர் பழங்குடியினர் 2019 மழையில் நிலம் சரிந்து ஊரை இழந்து, மாற்றிடத்துக்காக நீண்ட நாள் போராட வேண்டியிருந்தது. நிலைத்து நிற்க இடமில்லாதவர்களின் காய்ச்சலை மாத்திரை மட்டும் தீர்க்காது.

12. சின்ன ஊரில் சதவீதம் போடாதீர்கள்

நாற்பது வீடுகள் உள்ள ஊரில் மாதிரி எடுக்க வேண்டியதில்லை, எல்லா வீட்டுக்கும் போங்கள். அங்கே ஒரு குழந்தை இறந்தால் இறப்பு விகிதம் பயங்கரமாக ஏறும், அடுத்த வருடம் பூஜ்யமாகும். இரண்டும் உண்மையைச் சொல்லாது. “ஐந்து வருடத்தில் இத்தனை பிறப்பு, இத்தனை இறப்பு, ஒவ்வொன்றும் இந்தக் காரணத்தால்” என்று எண்ணாகவே எழுதுங்கள். பெயர்ப் பட்டியல் தனியாகப் பூட்டியிருக்கட்டும். படம் எடுக்காதீர்கள்.

13. முன்னுரிமையை ஊர் முடிவு செய்யட்டும்

கண்டதையெல்லாம் தொகுத்துக்கொண்டு, அறிக்கை எழுதுமுன் ஊரிடம் திரும்பிப் போங்கள். ஒவ்வொரு பிரச்சினைக்கும் ஒரு படம் வரைந்து தரையில் வையுங்கள். ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை கொடுத்து, எது முக்கியமோ அதில் அதிகமாக வைக்கச் சொல்லுங்கள். பெண்கள் தனியாக, ஆண்கள் தனியாக. இரண்டு கணக்கும் ஒத்துப்போகாவிட்டால் இரண்டையும் எழுதுங்கள். நீங்கள் இரத்தசோகை என்று நினைத்த இடத்தில் அவர்கள் ராத்திரி வெளிச்சம் என்று வைக்கலாம். விளக்கில்லாத தடத்தில்தான் பாம்பு கடிக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியும்.

14. கொடுக்க முடியாததை வாக்களிக்காதீர்கள், கொடுக்க முடிந்ததைப் பெயரோடு எழுதுங்கள்

“ஆஸ்பத்திரி வந்துடும்” என்று ஆறுதலுக்காகக்கூடச் சொல்லாதீர்கள். முன்னால் வந்தவர்களும் அதையே சொல்லியிருப்பார்கள். அறிக்கை நூறு பக்கம் இருக்கலாம். அதன் முன்னால் ஒரே ஒரு பக்கத்தில், எந்த வேலை, யார் செய்ய வேண்டியது, எந்த மாதத்துக்குள் என்று எழுதுங்கள். விஷமுறிவு மருந்து இருப்பு வட்டார மருத்துவ அலுவலருக்கு, செவிலியர் வருகை நாள் மாவட்ட சுகாதார அலுவலருக்கு, சாதிச் சான்றிதழ் கோட்டாட்சியருக்கு, பாதை வனத்துறைக்கு. பொதுவாக “அரசு ஆவன செய்ய வேண்டும்” என்று எழுதினால் அதை எடுத்துச் செய்ய யாரும் இருக்க மாட்டார்கள்.

அந்தப் பக்கத்தின் கடைசி வரியில் உங்கள் வேலையையும் எழுதுங்கள்: எந்த மாதம் திரும்பிப் போய் இவற்றில் எது நடந்தது, எது நடக்கவில்லை என்று அந்த ஊருக்கு வாசித்துக் காட்டுவீர்கள் என்று. பிறகு அந்த மாதம் போய்விடுங்கள். நடக்காத வேலைகளின் பட்டியலோடு போக வெட்கமாகத்தான் இருக்கும். இருந்தாலும் போங்கள். சொன்ன மாதத்தில் வருகிறவர்களிடம்தான் அந்த மக்கள் அடுத்த நோயைச் சீக்கிரம் சொல்வார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், பிள்ளைகளே. காட்டில் முழுக்கைச் சட்டையும் மூடிய செருப்பும் போடுங்கள். போய் வாருங்கள்.